ரிப்பன் வெட்டாத ஸ்டுடியோ

எனக்குக் கை சும்மா இருக்காது. சாப்பிட உட்கார்ந்தால் ஸ்பூனால் தட்டில் தட்டுவேன். மெட்ரோவில் நின்றால் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து விடுவேன். சென்னையில் டப்பிங் ஸ்டுடியோக்களில் இத்தனை வருஷம் ஒலி கலக்கும் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்தவளின் விரல் வேறென்ன செய்யும்? அப்படிப்பட்ட என்னிடம் புத்தம்புது ஸ்டுடியோ ஒன்றின் சாவியைக் கொடுத்து, "திறக்கலாம், பார்க்கலாம், தொடக்கூடாது" என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்! அந்தக் குளிர்காலத்தில் எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

டெல்லிக்கு வந்தது வீட்டுக்காரரின் வேலைக்காக. அவருக்குச் சாணக்யபுரியில் ஒரு மாநில அரசின் விருந்தினர் இல்லத்தில் உத்தியோகம். வீடு முனிர்காவில். வந்த புதிதில், அங்கிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில் ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் சவுண்ட் இன்ஜினியரிங் படிப்பு தொடங்கப் போகிறது, ஸ்டுடியோவை அமைத்துக் கொடுத்துப் பாடமும் நடத்த ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். சேர்மன் பஞ்சாபிக்காரர். வாய் நிறையச் சிரிப்பு, கை நிறைய மோதிரம். மைக்கைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார். மிச்ச நேரமெல்லாம் விருந்தினர் இல்லத்தைப் பற்றித்தான் கேட்டார். எந்தெந்த மந்திரி வந்து தங்குவார், வீட்டுக்காரருக்கு அவர்களோடு பேச்சுப் பழக்கம் உண்டா, பி.ஏ.க்களைத் தெரியுமா. சும்மா பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, நானும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஸ்டுடியோவுக்கு ஒதுக்கியிருந்தது பேஸ்மென்ட். பழைய நாற்காலிகளும் எலிப் புழுக்கையும் கிடந்த இடம். அதைச் சுத்தம் செய்து, சுவருக்குப் பஞ்சு அடைத்த பலகை போட்டு, நடுவில் இரட்டைக் கண்ணாடி வைத்து, ஒரு பக்கம் பேசுகிறவர்கள் அறை, இன்னொரு பக்கம் மிக்ஸர் அறை என்று பிரிப்பதற்குள் எனக்கும் சேர்மனுக்கும் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. அவருக்கு ஸ்டுடியோ பளபளவென்று இருக்கணும், ஒரு வயர்கூட வெளியே தெரியக்கூடாது. நான் தலைகீழாக நின்றேன். ஐயா, பாட்டுப் பதிவு செய்கிற ஸ்டுடியோவில் வயரை மறைக்கலாம், பாடம் நடத்துகிற ஸ்டுடியோவில் மறைத்தால் பிள்ளைகள் எதைப் பிடுங்கிப் பார்த்துப் படிக்கும்? பிடுங்கணும், தப்பாகச் சொருகணும், சத்தம் வராமல் முழிக்கணும், அப்புறம்தானே புரியும்! அவர் நீல விளக்கு, நீல விளக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மேஜைக்கு அடியில் நீல விளக்கு போட்டுக்கொள்ளுங்கள், வயரை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள் என்று ஒருவழியாகச் சமாதானத்துக்கு வந்தோம். கீழே விழுந்தாலும் சாகாத மைக்காகப் பார்த்து வாங்கினேன். ஹெட்போன் ஆளுக்கொன்று. வயரின் முனையை அறுத்து மறுபடி பற்றவைத்துப் பழக சால்டரிங் இரும்புகள். ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் எட்டுகிற அளவுக்கு நீளமான மிக்ஸர்.

எல்லாம் வந்து இறங்கியது. நானே கையால் வயரிங் செய்தேன். ஃபேடர்களின் மேல், அதாவது சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மேலும் கீழும் நகர்த்துகிற அந்தக் குமிழ்களின் மேல், கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் தாள் இன்னும் இருந்தது. அதன் ஒரு முனையை நகத்தால் நெம்பப் போனேன். பின்னால் சேர்மனின் குரல்.

"நஹீன் மேடம்! உத்காட்டன் கே பாத்!"

திறப்பு விழாவுக்கு அப்புறம்தான் தொடணுமாம். முதலில் தொடுகிற கை பெரிய மனிதருடையதாக இருக்கணுமாம். இந்த ஊரில் புது சோபாவை உறையோடும், புதுக் காரின் சீட்டைப் பாலிதீனோடும் வருஷக்கணக்கில் வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்ட அம்மாளின் ஃப்ரிட்ஜில்கூட அந்தத் தாளை இன்னும் பிரிக்கவில்லை. ஆனால் மிக்ஸருக்குமா? சரி, திறப்பு விழா எப்போது என்று கேட்டேன். "அது உங்கள் ஹஸ்பெண்ட் கையில்தான் மேடம் இருக்கிறது" என்று சிரித்தார். ஒரு மந்திரியை அழைத்து வரணுமாம். நேர்காணலில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடப்பாவி மனுஷா!

என் வீட்டுக்காரர் பாவம், வாயில்லாப் பூச்சி. யாரிடமும் எதையும் கேட்காதவர் எனக்காகப் போய்க் கேட்டார். ஒரு பி.ஏ. தேதி கொடுத்தார். அந்தத் தேதியில் மந்திரிக்கு ஊரில் தேர்தல் வேலை. இன்னொரு தேதி கிடைத்தது, அன்றைக்குப் பனிமூட்டத்தில் விமானம் வரவில்லை. இதற்குள் பிள்ளைகள் சேர்ந்து வகுப்பும் தொடங்கிவிட்டது. கதவைத் திறந்து அவர்களுக்கு ஸ்டுடியோவைக் காட்டுவேன், அருங்காட்சியகம் மாதிரி. பார்த்துவிட்டு மாடி ஏறி வகுப்பறைக்குப் போவோம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் தனியாகப் போய் பவர் பட்டனில் விரலை வைத்தேன். மூலையில் கேமரா இருந்ததை மறந்துவிட்டேன். உடனே சேர்மனிடமிருந்து போன் வந்தது. "மேடம், நஹீன்." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

தொடாமல் எப்படிப் பாடம் நடத்துவது என்று நான் கத்தியதில் சேர்மனுக்கு ஒரு யோசனை உதித்தது. மிக்ஸரைப் படம் எடுத்து, அதே அளவில் ஃப்ளெக்ஸில் அச்சடித்து, வகுப்பறை மேஜையில் விரித்துவிட்டார். கல்யாண வீட்டு வாசலில் கட்டுவார்களே, அதே ஃப்ளெக்ஸ். "பில்குல் ஒரிஜினல்!", அச்சு அசல் அதேதான் என்று அவருக்கு ஒரே பெருமை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் வேறு வழி? "மூன்றாவது சேனலை ஏத்து" என்பேன். ஒரு பிள்ளை படத்தின் மேல் விரலை வழித்துக்கொண்டு போகும். சத்தம் ஏறுவதற்கு நான் வாயாலேயே "ஊஊ" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். உள்ளே வயிறு எரியும்.

அந்த வகுப்பில் கோல் மார்க்கெட்டிலிருந்து வருகிற ஒரு பெண் இருந்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. காது இருக்கிறதே, அப்படி ஒரு காது. லேப்டாப்பில் இரண்டு பதிவுகளைப் போட்டுக் காட்டி என்ன வித்தியாசம் என்று கேட்டால், மற்றவர்கள் குரல் என்பார்கள், மைக் என்பார்கள். இவள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டாவதுல ஃபேன் ஓடுது மேம்" என்பாள். அவளுடைய அப்பா திருநெல்வேலிக்காரர், மத்திய அரசில் அண்டர் செக்ரட்டரி. கீழ்நிலை குமாஸ்தாவாக வந்து படிப்படியாக ஏறியவர். மகளும் தேர்வெழுதி சர்க்கார் வேலைக்குப் போகணும் என்பது அவர் முடிவு. அவள் அழுது அடம்பிடித்து இதில் சேர்ந்திருந்தாள்.

தை பிறந்த சமயம், டெல்லியில் ஒரு டப்பிங் ஸ்டுடியோ பயிற்சி உதவியாளர்களை எடுக்கிறது என்று அவள்தான் செய்தி கொண்டுவந்தாள். நேரில் வரச்சொல்லி, மிக்ஸரில் உட்காரவைத்து டெஸ்ட் வைப்பார்கள்.

"மேம், அப்பா ஃபைனலா சொல்லிட்டாங்க. டெஸ்ட்டுக்கு முன்னாடி நான் ரியல் மிக்ஸர்ல உக்காந்தாதான் போக விடுவாங்களாம். இல்லேன்னா கரோல் பாக்ல சர்க்கார் பரீட்சை கோச்சிங்ல சேத்துடுவாங்க. சப் கதம் மேம், எல்லாம் முடிஞ்சுது." கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

என்னால் உட்கார முடியவில்லை. சேர்மனிடம் போனேன், ஒரே ஒரு மணி நேரம் திறந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன், அப்புறம் கத்தினேன். அவர் மோதிரத்தைத் திருகிக்கொண்டே, டெஸ்ட்டுக்கு முதல் நாள் மந்திரி வருகிறார், நேரமும் குறித்தாயிற்று, விழா முடிந்ததும் உங்கள் பிள்ளைகளே தொட்டுக்கொள்ளட்டும், ஜல்தி எதற்கு என்றார். சரி, ஒரு நாளாவது கிடைக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வீட்டுக்காரரைக் காலையும் மாலையும் அரித்தெடுத்தேன். "மந்திரி வருவாரா?" "வருவார்னுதான் சொல்றாங்க." "சொல்றாங்கன்னா?" "ஏம்மா, நானா மந்திரி?" என்று ஒருநாள் அவருக்கே கோபம் வந்துவிட்டது.

அந்த நாள் வந்தது. படிக்கட்டு முழுக்கச் சாமந்திப்பூ. வாசலில் மந்திரியின் படம் போட்ட பேனர். பண்டிட் ஒருவர் ஸ்வெட்டருக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டுடியோ கதவில் சிவப்பு ரிப்பன். சமோசாவும் தயார். குறித்த நேரம் பதினோரு மணி. பத்தரைக்கு வீட்டுக்காரர் போன் செய்தார். அவர் குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கோச்சுக்காத. இப்பத்தான் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிட்டாரு. ஊர்ல ஏதோ துக்கமாம்."

சேர்மன் முகம் சுருங்கிப் போனது. போனில் யார் யாரையோ கூப்பிட்டுப் பார்த்தார், ஒரு பெரிய மனிதரும் சிக்கவில்லை. அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம், பூவை எடுத்துவிடுங்கள் என்று ஆட்களிடம் சொல்லிவிட்டார். அந்தப் பெண் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவர் வந்து நின்றார். கோட்டு, மஃப்ளர், கழுத்தில் தொங்கும் ஆபீஸ் அடையாள அட்டை. அந்தப் பெண்ணின் அப்பா; மகளைக் கூட்டிப்போகத்தான் அரை நாள் விடுப்பு போட்டு வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் டீச்சராம்மா? நல்லாருக்கு நீங்க நடத்துத பாடம்! படத்தைக் காட்டிப் படிப்பா? சின்னப்பிள்ளைய மண்ணுல சோறு பொங்கி வெளாடும், அது மாதிரில்லா இருக்கு! இன்னைக்கு நிஜ மிசின்ல உக்கார வைப்பியன்னு சொன்னா. வச்சாச்சா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என் கண் அவர் அட்டையில் போய் விழுந்தது. மூன்று சிங்கம், அதன் கீழே பாரத் சர்க்கார்.

"சார், என்னை எவ்வளவு வேணும்னாலும் அப்புறம் திட்டுங்க. ஒரு ரிப்பன் வெட்டுவீங்களா?"

"என்னம்மா, வெளாடுதியளா?"

நான் அவருக்காகக் காத்திருக்கவில்லை. சேர்மனிடம் ஓடினேன். அண்டர் செக்ரட்டரி, பாரத் சர்க்கார், வாசலில் நிற்கிறார் என்றேன். எந்த மினிஸ்ட்ரி என்று கேட்டார். எந்த மினிஸ்ட்ரியாக இருந்தால் உங்களுக்கென்ன, பண்டிட் குறித்த நேரம் போகிறது என்று கத்தினேன். சேர்மன் ஒரு நிமிஷம் யோசித்தார். அடுத்த நிமிஷம் மந்திரியின் பேனர் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது, பெரிய மாலை ஒன்று பெண்ணின் அப்பா கழுத்தில் விழுந்தது.

மனிதர் திகைத்துப் போய்விட்டார். மஃப்ளரைக் கழற்றினார், சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரினார். கத்திரிக்கோல் வைத்த தட்டை நீட்டியபோது, எடுக்காமல் அதையே பார்த்தார். என் பக்கம் குனிந்து சொன்னார்: "சர்வீஸ் பூரா நான் இந்தத் தட்டை நீட்டிக்கிட்டுத்தாம்மா நின்னிருக்கேன். யாரும் என்னைய வெட்டச் சொன்னதில்ல."

வெட்டினார். கைதட்டினோம். குத்துவிளக்கு ஏற்றினார், தேங்காய் உடைத்தார், மிக்ஸரின் மேல் குங்குமம் வைத்தார். எங்கள் ஸ்டுடியோவைப் பற்றியும் நாட்டின் முன்னேற்றத்தைப் பற்றியும் ஹிந்தியில் பேச ஆரம்பித்தார். நன்றாகத்தான் பேசினார். பாதியிலேயே சேர்மன் கைதட்டி முடித்து, எல்லோரையும் சமோசாவுக்கு அனுப்பிவிட்டார். போட்டோ எடுத்தாயிற்று. நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மிக்ஸர் பக்கம் இழுத்தேன்.

அங்கே இரண்டு ஆட்கள், போட்டோவுக்காகப் பிரித்த பிளாஸ்டிக் தாளை மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்றேன். அங்கீகாரம் கொடுக்கிற குழு அடுத்த மாதம் ஆய்வுக்கு வருகிறது மேடம், அதுவரைக்கும் புதுசாகவே இருக்கட்டும் என்றார் சேர்மன், வாயில் சமோசாவோடு.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறப்பதற்குள், பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"என்னது? நான் தெறந்து வச்சதை இவன் யாரு மூடுததுக்கு?"

அது என்னைப் பார்த்துத் தமிழில். அடுத்தது சேர்மனைப் பார்த்து, ஆபீஸ் ஹிந்தியில். இந்திய அரசாங்கத்தின் சார்பில் இது இப்போது திறந்து வைக்கப்பட்டிருக்கிறது, திறந்ததை மூடுவதற்கு உங்களுக்கு யார் உத்தரவு கொடுத்தது, எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார். மாலை இன்னும் கழுத்தில் இருந்தது, கத்திரிக்கோல் இன்னும் கையில் இருந்தது. ஆட்கள் விலகிக்கொண்டார்கள். அவர் நேரே போய், அந்தத் தாளை ஒரே இழுப்பில் உரித்து, சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சேர்மன் சிரித்துப் பார்த்தார், அது எடுபடவில்லை. சிறப்பு விருந்தினரை எதிர்த்துப் பேச அந்த ஊரில் யாருக்கு வாய் வரும்? "ஜீ சர், ஜீ சர்" என்று பின்னால் நகர்ந்தார்.

"உக்காரு தாயி" என்றார் மகளிடம்.

அவள் உட்கார்ந்தாள். நான் பவரைப் போட்டேன். முதல் ஃபேடரின் மேல் விரலை வைத்தவள், தள்ளாமல் அப்படியே இருந்தாள். பிறகு கொஞ்சமாகத் தள்ளினாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மேம், இது நகருது!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்துவிட்டது, மறைக்கவில்லை. இத்தனை மாசம் படித்த பெண்ணுக்கு ஃபேடர் நகரும் என்பதே அதிசயமாக இருக்கிறது! அடுத்து, பதிவு செய்ய ஒரு குரல் வேண்டியிருந்தது. அப்பா தானே முன்வந்தார். "என் ஸ்பீச்சு பாதி பாக்கி கெடக்கு" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய், மைக் முன்னால் நின்று, சுதந்திர தினத்துக்குச் செங்கோட்டையில் பேசுகிற மாதிரி முழங்க ஆரம்பித்தார். சத்தம் அளவு மீறி மீட்டரில் சிவப்பு விளக்கு எகிறியது. பெண் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி பேசுகிற பட்டனை அவளே அழுத்தினாள்.

"அப்பா, நிறுத்துங்க. லெவல் வைக்கணும்."

அவர் நிறுத்தினார். அவர் வீட்டில் அவரை யாரும் அப்படி நிறுத்தியிருக்கமாட்டார்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எங்கள் ஹெட்போனில் அவர் குரல் தயங்கியபடி கேட்டது: "இப்பப் பேசட்டுமா?"

"இருங்கப்பா. நான் சொல்றேன்."

சாயங்காலம் வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தார். அவள் தப்பாகச் சொருகினாள், ஸ்பீக்கரை வீல் என்று அலறவைத்தாள், சத்தம் வராமல் முழித்தாள், கண்டுபிடித்தாள். மறுநாள் டெஸ்ட்டுக்குப் போனாள். தேறவில்லை.

அவளே போன் செய்து சொன்னாள். "மத்தவங்கள்லாம் மாசக்கணக்குல பண்ணியிருக்காங்க மேம். எனக்குக் கை நடுங்கிடுச்சு." என்ன ஆறுதல் சொல்ல? ஒரு மத்தியானத்தில் கை பழகுமா? எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. முனிர்கா சந்துகளில் யார் மேலாவது இடித்துக்கொண்டு, சேர்மனைத் திட்டி, மந்திரியைத் திட்டி, இந்த ஊரைத் திட்டி நடந்தேன். அவ்வளவுதான், கரோல் பாக்குக்குப் போய்விடுவாள், அந்தக் காது ஏதோ ஒரு ஆபீஸில் ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை.

காலையில் அவள் அப்பாவின் போன். எடுக்கவே பயமாக இருந்தது. எடுத்தேன்.

"ஏம்மா, ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு நாளா குடுப்பிய? கை பழகாண்டாமா? அடுத்த டெஸ்ட்டு எங்க, எப்ப? கேட்டு வச்சியளா?"

"சார், கோச்சிங்குன்னு சொன்னீங்களே..."

"அது கெடக்கட்டும்மா! நான் தெறந்து வச்ச ஸ்டுடியோல எம்பிள்ளைக்கு எடம் இல்லாமப் போயிருமோ? தெனம் அவ அதுல உக்காரணும். மூடி கீடி வச்சா, ஆமா, சொல்லிட்டேன்."

சரி சார் என்றேன். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. தொண்டையைச் செருமினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"ஆபீஸ் முடிஞ்சி நானும் வந்துருதேன். அவ ரெக்கார்டு பண்ணிப் பழக ஒரு ஆள் வேணும்லா?"